முதலை வாயில் ஒரு பொட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூசைக்கு ஒரு விதி இருந்தது. எந்தக் கருவியின் மேலும் நேராகப் பொட்டு வைக்கக் கூடாது. சிறு வெள்ளைக் காகிதத்தில் சந்தனமும் குங்குமமும் தொட்டு வைத்து, அந்தக் காகிதத்தைக் கருவியின் வெளிப்புறத்தில் ஒட்ட வேண்டும். விதியைக் கொண்டுவந்தவள் நான். சேற்றிலும் தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் உலோகங்களை அளப்பது எங்கள் பிழைப்பு. விரல் நுனியில் ஒட்டிய தூசி கூட எங்கள் கணக்கில் ஒரு மலை. முதல் வருடம் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து காகிதத்தை அவர்களே வெட்டி வைத்தார்கள்.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். கூடம் சிறியது, ஒரு கடைவரிசையின் மாடியில். கீழே உதிரிபாகக் கடை. எங்கள் தலைவர் யாழ்ப்பாணத்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து இதை நடத்தினார். சட்டைக் கைகளை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார், அடுப்பறை மாதிரி கொதிக்கும் அந்த மாடியிலும்.

கடலுக்குப் போய்ச் சேறு எடுத்துவருவது எங்கள் படகோட்டி அண்ணனோடு. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கிள்ளான் ஆற்று முகத்துக்கு வந்துவிட்டவர். சேறு எடுக்கும் கருவி இரண்டு எஃகுத் தாடைகளால் ஆனது. வாயைத் திறந்தபடி கயிற்றில் கட்டி இறக்கினால், கடலின் அடித்தரையில் மோதியதும் வாய் மூடிக்கொண்டு ஒரு கவளம் சேற்றைக் கவ்வி மேலே வரும். அண்ணன் அதற்கு வைத்த பெயர் முதலை. எங்கள் தலைவரும் நாளடைவில் முதலை என்றே சொல்லப் பழகிவிட்டார்.

ஆற்று முகத்துக்கு அப்பால், தீவுகளுக்கு நடுவே, அலையாத்திக் காடு சூழ்ந்த ஒரு சேற்றுத் திட்டு உண்டு. நீர் வற்றினால் வெளியே தெரியும். அங்கே வலை போடவோ சிப்பி தோண்டவோ கூடாது என்று அரசாங்கம் காப்பகமாக அறிவித்திருந்தது. நாங்கள் அதை உள்திட்டு என்போம். அதற்கும் ஆற்றுக்கும் இடையில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை. கப்பல்களின் பழைய பெயிண்டை மணல் வீசி உரிப்பார்கள். அந்தச் சிவப்புத் தூள் பூராவும் கடலில் விழும். பெயிண்டின் சிவப்பு, ஈயத்தின் சிவப்பு.

பட்டறை தன் இடத்தைப் பெரிதாக்க விண்ணப்பித்திருந்தது. அது விரிய வேண்டிய பக்கம் கம்பம் என்று நாங்கள் சொல்லும் ஒரு குடியிருப்பு இருந்தது: தகரக் கூரை போட்ட, பட்டா இல்லாத, ஒரே வரிசையான தமிழ் வீடுகள். அதில் ஒன்று படகோட்டி அண்ணனுடையது. மாவட்ட அலுவலகம் சொன்னது எளிது. பட்டறையின் ஈயம் ஏற்கெனவே உள்திட்டின் சேற்றுக்குள் போயிருந்தால் விரிவாக்கத்துக்கு அனுமதி இல்லை. உள்திட்டு சுத்தமாக இருந்தால் அனுமதி கிடைக்கும், வீடுகள் போகும். அளந்து, அவர்கள் கூட்டும் கூட்டத்தில் சொல்லும் வேலை எங்களிடம் வந்தது.

அண்ணன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அந்த மாதம் படகை இரண்டு தடவை பழுதுபார்த்தார்.

சேறு எடுக்க நீர் வற்றும் நாள் ஆயுத பூசைக்கு மறுநாளாக அமைந்தது. பூசைக்கு முன்பே முதலையை அமிலத்தில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டிவிட்டேன். பொட்டுக் காகிதத்தை அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டினேன். எல்லோரும் கும்பிட்டோம். தலைவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கடலையும் அவல் பொரியும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை முதலில் உள்திட்டுக்குத்தான் போனோம். நீர் ஏறுவதற்குள் அங்கே முடித்தாக வேண்டும். பிறகு பட்டறையின் தூளும் கழிவும் கடலில் விழும் இடத்துக்கு, பட்டறை வாய்க்கு, வந்தோம். அண்ணன் கயிற்றை இறக்கும்போதெல்லாம் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். அதுவும் வழக்கம்தான்.

சேற்றைக் காயவைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து, நெருப்பில் அளக்கும் கருவியில் கொடுத்தபோது உள்திட்டில் ஈயம் இருந்தது. கொஞ்சம் அல்ல. பட்டறை வாயில் இருந்ததை விடவும் அதிகம்.

தலைவர் எண்ணை இரண்டு முறை படித்தார். "உள்ளுக்குப் போயிட்டுது," என்றார். "நான் நினைச்சதை விட மோசம்."

அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ வீடு இருக்கும்ல தங்கச்சி?" என்றார்.

"ரிப்போர்ட் போகட்டும் அண்ணே."

"இருக்கும்ல?"

"இருக்கணும்," என்றேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அன்றன்று நடந்ததை எழுதி முடிக்காமல் படுக்க மாட்டேன். அன்றும் எழுதினேன். எழுதும்போது உள்திட்டின் எண் பட்டறை வாயின் எண்ணை விடப் பெரிதாக இருப்பது கண்ணில் உறுத்தியது. குப்பை கொட்டும் இடத்தில் குறைவாகவும் அது அடித்துப்போகும் தூரத்தில் அதிகமாகவும் எப்படி இருக்கும்? நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். சேர்க்காமலும் இருந்திருக்கலாம்.

மறுநாள் வேறொரு வேலைக்காக முதலையைக் கழுவ எடுத்தேன். தாடைகள் இணையும் இடத்தில் ஒரு பித்தளை ஆணி உண்டு. அதன் இடுக்கைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளைத் துணியில் துடைத்தபோது துணியில் சிவப்பு வந்தது. கூடவே கெட்டியாகக் காய்ந்த சந்தனம், ஒரு செதில்.

கூடத்தில் அப்போது நான் மட்டும்தான். கீழே கடையில் யாரோ எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பூசை அலமாரியிலிருந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்து ஒரு சிட்டிகையை அமிலத்தில் கரைத்தேன். அளக்கும் கருவியில் ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி விளக்கு உண்டு; ஈயத்துக்கான விளக்கைப் போட்டுச் சூடாகும்வரை நின்றேன். கரைசலைக் கொடுத்ததும் எண் ஓடி மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் மெலிதாக்கிக் கொடுத்தேன். அப்போதும் முட்டியது. மலிவுக் குங்குமம்; சிவப்பு நிறத்துக்கு அவர்கள் கலந்திருந்ததும், கப்பலுக்குப் பூசுவதும் ஒரே பொருள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் நெற்றியைக் கழுவினேன்.

தலைவரிடம் சொல்வதற்கு முன் அண்ணனிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் வேலை முடிந்ததும் கூடத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு நடந்து போனேன். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பட்டறைப் பக்கமிருந்து மணல் வீசும் இரைச்சல் நிற்காமல் வந்தது.

"அண்ணே, முதலைக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"வெச்சேனே."

"பிளாஸ்டிக் மேலயா?"

அவர் என்னைப் பார்த்தார். "பிளாஸ்டிக்குக்கா பூச? நீங்க கட்டுனத அவுத்து, உள்ள வாயில வெச்சேன். கத்திக்கு முனையில வெப்பாங்க, லோரிக்கு மூஞ்சியில வெப்பாங்க. முதலைக்கு வாயிலதான வேலை? நல்லா கவ்வி எடு, உண்மைய எடுத்துட்டு வான்னு சொல்லி பெருசாவே வெச்சேன். அப்புறம் நீங்க கட்டுன மாரியே கட்டிட்டேன். முடிச்சு கூட அதே முடிச்சு."

முடிச்சு உண்மையிலேயே அதே முடிச்சுதான். நான் சந்தேகப்படவே இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். முதலில் இறங்கியது உள்திட்டில். குங்குமம் முழுக்க அந்தச் சேற்றோடு கலந்திருக்கலாம். பட்டறை வாய்க்கு வருவதற்குள் கழுவிப் போயிருக்கலாம். அவர் கையிலிருந்த வலை ஊசி அப்படியே நின்றது.

அவர் மனைவி மீனைக் கீழே போட்டார். "ஊரே வெளிய பொட்டு வெச்சா இவருக்கு மட்டும் வாய்க்குள்ள வெக்கணும்! சாப்பாட்டுல உப்பு போட சொன்னா மறந்துருவாரு. இத மறக்கலையே!"

"நீ சும்மா இரு," என்றார் அவர். பிறகு என்னிடம், மெதுவாக, "இத வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்போ சாமி குடுத்த ரிசல்ட்டுன்னு வெச்சுக்குங்களேன், தங்கச்சி."

பகடியாகத்தான் சொன்னார். ஆனால் கண்ணை என்னிடமிருந்து எடுக்கவில்லை. அவர் மனைவியும் எடுக்கவில்லை. நான் எழுந்தேன். பஸ் நிறுத்தம்வரை அந்த இரைச்சல் காதில் இருந்தது.

இரவெல்லாம் ஒரே கேள்விதான். அந்த எண் பொய் என்று எனக்குத் தெரியாது. மெய் என்றும் தெரியாது. சேற்றில் உண்மையாகவே ஈயம் இருந்து, குங்குமம் அதன் மேல் கூடியிருக்கலாம். தெரியாத ஒன்றின் கீழ் கூடத்தின் முத்திரையை வைப்பது எப்படி?

காலையில் தலைவரிடம் சொன்னேன். மேசையில் சந்தனச் செதிலை வைத்தேன். அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"இஞ்ச பாரும் பிள்ளை," என்றார் கடைசியில். "கப்பலின்ர அடிப் பெயிண்ட்டில செம்பும் இருக்கும். குங்குமத்தில செம்பு இல்லை. உள்திட்டுச் சேத்தின்ர கரைசல் மிச்சம் இருக்குதோ?"

இருந்தது. மாவட்ட அலுவலகக் கூட்டம் முடியும்வரை எதையும் கொட்டமாட்டேன். ஈய விளக்கைக் கழற்றிச் செம்பு விளக்கைப் போட்டேன். தலைவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு கேட்டது. உள்திட்டின் கரைசலைக் கொடுத்தேன். செம்பும் ஏறியது. நன்றாகவே ஏறியது.

"அப்ப பட்டறைதான்!" என்று மேசையைத் தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. படகோட்டி அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் மாடிப்படி ஏறிவந்து வாசலிலேயே நின்றார். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பித்தளை ஆணி நினைவுக்கு வந்தது. அதைக் கழுவியபோது தங்கம் மாதிரி மின்னியதும் நினைவுக்கு வந்தது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு.

"அண்ணே, பொட்டு வைக்கறதுக்கு முன்னாடி முதலைய என்னா செஞ்சீங்க?"

"என்னா செய்வாங்க? தொடச்சேன்."

"வெறும் துணியிலயா?"

"அந்தப் பித்தள கறுத்துப் போயிருந்துச்சு. புளி போட்டு பளபளன்னு தேய்ச்சேன். பூச பாத்திரம் தேய்க்கற மாரி."

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். புளி பித்தளையைத் தின்னும். தின்றது அப்படியே தாடைக்குள் வழிந்திருக்கும். அதற்குப் பிறகு செம்பைக் கொண்டும் எதுவும் சொல்ல முடியாது.

"தம்பி, நீர் வேற என்னவாவது செய்தீரோ?" என்று அவர் கேட்டார். "தேங்காய் உடைச்சீரோ? பால் ஊத்தினீரோ?"

"இல்ல சார். எலுமிச்சம்பழம் மட்டும் கட்டுனேன். அது கயித்துல."

எங்கள் மூவரில் யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை. சிரித்து முடித்தபோது அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. மறுபடி எடுக்க வேண்டும். கூட்டத்துக்கு முன் நீர் போதிய அளவு வற்றும் காலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பித்தளை ஆணியை மாற்றி எஃகு ஆணி போட்டோம். முதலையை நானே கழுவி, சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையின் அடியில் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

காலையில் மழை இருட்டாக இருந்தது. தலைவரும் கூட வந்தார், கைப் பொத்தான்களோடு. படகு காடு தாண்டியதும் காற்று எதிர்த்து அடித்தது. உள்திட்டுக்கு வந்து எஞ்சினை அணைத்தபோது அண்ணன் நெற்றியில் திருநீறும் நடுவில் குங்குமமும் இருந்ததைப் பார்த்தேன். மழைச் சாரலில் குங்குமம் மூக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு அவர் கையில். குனிந்தால் முதலையின் வாய்க்கு நேரே அந்த நெற்றி.

எப்படிச் சொல்வது? வீட்டைக் காப்பாற்றச் சொல்லி வைத்துக்கொண்டு வந்த பொட்டு அது.

"அண்ணே," என்றேன்.  என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். என்னுடையது வெறுமையாக இருந்தது.

அவர் அசையவில்லை. படகு ஆடியது. தலைவர் வேறு பக்கம் பார்த்தார். பட்டறைப் பக்கம் இரைச்சல் இல்லை, மழையென்று நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் நினைத்திருந்தால் குனிந்து கயிற்றைச் சரிசெய்வதுபோல ஒரு விரலை உள்ளே தடவியிருக்கலாம். நான் பார்த்திருக்கவும் மாட்டேன். பார்த்தாலும் சொல்லியிருப்பேனா என்று அந்தக் கணத்தில் எனக்கே தெரியவில்லை.

அவர் கயிற்றைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் படகின் ஓரத்துக்குப் போனார். கடல் நீரை அள்ளி நெற்றியில் அடித்து, சட்டையால் அழுத்தித் துடைத்தார். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளங்கைகளை விரித்து என்னிடம் காட்டினார்.

"பாத்துக்குங்க."

"சரி அண்ணே."

"நல்லா பாத்துக்குங்க. அப்புறம் எலுமிச்சம்பழம்னு சொல்லாதீங்க."

முதலை இறங்கியது. மேலே வந்த சேறு கறுப்பாக, வழுவழுப்பாக, எப்போதும் போல அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தது. ஈயம் இருக்கிறதா என்று அதன் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

உள்திட்டு சுத்தமாக இருந்தது.

பட்டறை வாயில் அப்படி இல்லை. அங்கே முன்பு வந்த எண்ணே மறுபடி வந்தது. ஆனால் கேள்வி உள்திட்டைப் பற்றியது. அளந்ததையே மறுபடி அளந்தேன். எனக்கு வேண்டிய எண் வரவேண்டும் என்று கருவியிடம் வேண்டிக்கொண்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

முதல் அறிக்கையில் உள்திட்டின் எண்ணைத் தலைவர் ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் காரணம் எழுதினார்: கூடத்தில் நடந்த வழிபாட்டின்போது கருவி மாசுபட்டது, பொறுப்பு கூடத்தின் தலைவருடையது.

அண்ணன் பெயரைப் போட வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. தலைவரே சொன்னார். "நானும்தான் செருப்பைக் கழட்டிப்போட்டு நிண்டு கும்பிட்டனான். கடலையும் சாப்பிட்டனான். அவரைத் தனியா ஏன் இழுப்பான்?"

கூட்டத்தில் நான் தலைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பட்டறை நிர்வாகி மரியாதையானவர். எங்கள் நேர்மைக்கு நன்றி சொன்னார். உள்திட்டு சுத்தம் என்று சான்று தந்ததற்கு இன்னொரு நன்றி. வழிபாட்டைப் பற்றிய வரியைப் படிக்கும்போது அவர் உதடு லேசாகக் கோணியது, அவ்வளவுதான். பட்டறை வாயில் ஈயம் இருக்கிறதே, நீர் உள்ளே போகும் வழியில் அது நிற்கிறதே, பட்டறை பெரிதானால் இதுவும் பெருகும் என்று தலைவர் எழுந்து பேசினார். குரல் உயர்ந்தது, அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். மாவட்ட அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, விதி காப்பகத்தின் எல்லைக்கு உட்பட்ட சேற்றைப் பற்றியது என்றார். வருடாவருடம் அளக்கும்படி ஒரு நிபந்தனை சேர்த்து அனுமதி கொடுத்தார்கள்.

அண்ணன் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"போறேன் தங்கச்சி. வீட்டுல சொல்லணும்."

அடுத்த வருடம் அந்த வரிசை போய்விட்டது. அவர்களுக்குத் தொலைவில் ஒரு அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள், நான்காவது மாடியில். வலை காயப்போட இடமில்லை என்று அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். என் மேல் கோபமா என்று நான் அவர்களைக் கேட்டதில்லை. என்ன பதில் வரும் என்று தெரிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை. அண்ணன் தொடர்ந்து எங்களோடுதான் வேலை பார்த்தார். ஆயுத பூசைக்குக் காகிதத்தை அவரே வெட்டினார், மற்றவர்களை விடச் சதுரமாக.

வருடாவருடம் உள்திட்டுக்குப் போனோம். முதல் சில வருடங்கள் எண் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு கொஞ்சம் அசைந்தது. அறிக்கையில் எழுதினோம். ஏற்றம் சிறியது என்று பதில் வந்தது. பின்னும் அசைந்தது. பதில் வரத் தாமதமானது. தொண்ணூறுகள் பிறந்தபோது தலைவர் கண் பார்வை மங்கி வீட்டோடு இருந்துவிட்டார்.

அதற்கும் சில வருடம் கழித்து ஒரு நாள், கருவி காட்டிய எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடும்போது கை நின்றது. அந்த எண்ணை எனக்குத் தெரியும். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். தலைவர் அடித்த கோட்டுக்கு அடியில் அதே எண், ஏறக்குறைய இலக்கம் பிசகாமல். குங்குமம் அன்று பொய்யாகச் சொன்னதைப் பட்டறை இப்போது மெய்யாக்கிவிட்டிருந்தது.

மறுதடவை சேறு எடுக்கப் போகும்போது அண்ணனிடம் சொன்னேன். அப்போது படகு பட்டறையின் புதிய சுவரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் வீடு இருந்த இடத்தில் ஒரு கப்பல் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது, பாதி உரித்தபடி, சிவப்பாக.

"அதே நம்பரா?"

"அதே நம்பர்தான் அண்ணே."

அவர் கப்பலைப் பார்த்தார். "சாமி முன்னாடியே சொல்லிருச்சு. நாமதான் கோடு போட்டு அடிச்சுட்டோம்லா."

"அது சாமி சொன்னது இல்ல அண்ணே. மலிவுக் குங்குமம்."

"தெரியும் தங்கச்சி. தெரிஞ்சுதான் சொல்றேன்." படகைச் சுவரிலிருந்து விலக்கிக்கொண்டே, "இப்ப இத எழுதி அனுப்புனா என்னா செய்வாங்க?" என்றார்.

"பட்டறைய நிறுத்தச் சொல்லலாம். அபராதம் போடலாம்."

"வீடு?"

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காடு தாண்டியதும் எஞ்சினை அணைத்தார். யாரும் சொல்லாமலே கடல் நீரை அள்ளி நெற்றியைத் துடைத்தார், கையைக் கழுவினார், உள்ளங்கைகளை விரித்து என் முன்னால் நீட்டினார். நான் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் முதலையைத் தொட்டார்.